எங்கள் வீட்டு வாழைத்தண்டு கீழ்வீட்டுக்குப் போன கதை

நான் ஒரு பம்ப்செட் கம்பெனியில் வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது. பாதிக் கதையில் தெரியவந்தால் இன்னும் கேவலமாக இருக்கும்.

காலையிலிருந்து மாலை வரை போனை எடுத்து, "ஏனுங்க, மோட்டாரோட ஒரு புக்கு வந்துச்சுங்களே, அதப் படிச்சீங்களா?" என்று கேட்பதுதான் என் வேலை.  எதிர்முனையிலிருந்து, "புக்கு எங்கியோ பரண் மேல கெடக்குதுங்க" என்று பதில் வரும். தண்ணீர் வற்றிய கிணற்றில் மோட்டாரை ஓட்டிக் கருக்கியவர்கள், ஒயரை மாற்றி மாட்டிவிட்டு பம்பு தலைகீழாகச் சுற்றுகிறது என்று கம்பெனியைத் திட்டியவர்கள் என்று எத்தனையோ பேரிடம் குரலில் தேனும், மனதுக்குள் எகத்தாளமுமாகப் பேசியிருக்கிறேன். அந்தப் பாவமெல்லாம் சேர்ந்து, ஆறு வருடங்களுக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் சமையலறை சிங்க்கின் வழியாக என்னைத் தேடி வந்தது.

அப்போது நாங்கள் சிங்காநல்லூரில் ஒரு சின்ன அடுக்குமாடிக் குடியிருப்பில் இரண்டாவது மாடியில் இருந்தோம். (இப்போதும் அங்கேதான் இருக்கிறோம். இத்தனைக்குப் பிறகும் எங்களைக் காலி பண்ணச் சொல்லாதது அக்கம்பக்கத்தாரின் பெருந்தன்மை.) என் மனைவி சுமதி வங்கியில் வேலை பார்க்கிறாள். அந்த வருடம் அவளுக்குப் பதவி உயர்வு கிடைத்து வால்பாறைக்கு மாற்றல் ஆகியிருந்தது. வாரக் கடைசியில் மலையிறங்கி வருவாள். மற்ற நாட்களில் வீடும் அடுப்பும் என் பொறுப்பு.

இந்த ஏற்பாடு எங்கள் இருவருக்கும் பிடித்திருந்தது. போத்தனூரில் இருந்த என் மாமியாருக்குப் பிடிக்கவில்லை.

"ஆம்பள தனியா ஊடு பாத்துக்குவாங்களா அம்மணி? நாலே நாள்ல ஊடு நாறிப் போயிரும். நீ அந்த வேலைய உட்டுப்போட்டு வந்துரு" என்று மகளிடம் போனில் சொல்லிக்கொண்டே இருந்தார்.

இதில் வருத்தமான விஷயம் என்னவென்றால், வீடு உண்மையிலேயே நாறிக்கொண்டிருந்தது. ஈரக் குப்பை வாங்கிப் போகும் வண்டி காலை ஆறரைக்கு வரும். அந்த நேரத்தில் நான் எழுந்திருப்பதில்லை. மூன்று நாள் வாழைப்பழத் தோலும், பழைய சாம்பாரும், முட்டை ஓடும் வாளியில் கூடிக் குலாவிக்கொண்டிருக்கும். போனில் பேசும்போதே சுமதி, "என்னமோ நாத்தம் வருதே" என்பாள். வால்பாறையிலிருந்து!

ஒரு வீட்டு உபயோகப் பொருள் கண்காட்சியில் அந்த இயந்திரத்தைப் பார்த்தபோது எனக்கு ஞானம் பிறந்தது. சிங்க்குக்கு அடியில் மாட்டுவது. மிச்சம் மீதியை சிங்க்கின் ஓட்டையில் தள்ளி சுவிட்சைப் போட்டால், அரைத்துக் குழாய் வழியாக அனுப்பிவிடும். டிஸ்போசர் என்று பெயர். விற்பனையாளர் விளக்க ஆரம்பித்தார். நான் கையை உயர்த்தி நிறுத்தினேன். "மோட்டாருதானுங்களே? நம்மளுக்குத் தெரியாத மோட்டாருங்களா?" என்றேன். அவர் என்னை மரியாதையாகப் பார்த்தார். மரியாதை என்றுதான் அப்போது நினைத்தேன்.

ஆள் வந்து மாட்டிவிட்டுப் போனார். கூடவே ஒரு பிளாஸ்டிக் பை கொடுத்தார். அதில் ஒரு புத்தகமும் வளைந்த கம்பி மாதிரி ஒரு சாவியும் இருந்தன. பையைப் பிரிக்காமலே அலமாரியின் மேல்தட்டில் போட்டேன்.

இரண்டு வாரம் எல்லாம் நன்றாகவே போயிற்று. நான் தனியாளாகப் போட்ட மிச்சம் அப்படியொன்றும் அதிகம் இல்லை. எனக்குத் தைரியம் வந்துவிட்டது. மாமனாரையும் மாமியாரையும் ஞாயிறு மதியம் விருந்துக்கு வரச் சொன்னேன். நானே சமைப்பேன், வீட்டைப் பார்த்துவிட்டு அவர்களே சொல்லட்டும், சுமதி வேலையை விட வேண்டுமா வேண்டாமா என்று. அந்த வாரம் சனிக்கிழமையும் சுமதிக்கு வங்கி இருந்தது. ஞாயிறு காலை பஸ் பிடித்து மதியம்தான் வந்து சேருவாள்.

"ஏனுங்க, வேண்டாங்க. கடையில வாங்கிக்கலாம். எங்கம்மா எது சாக்குன்னுதான் பாத்துட்டு இருக்குது" என்றாள்.

"நீ பேசாம வந்து சாப்பிடு கண்ணு" என்றேன். என் வாழ்க்கையில் அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு உறுதியாக நான் எதையும் சொன்னதில்லை.

ஞாயிறு காலை ஏழு மணிக்கே அடுப்பைப் பற்ற வைத்தேன். அரிசியும் பருப்பும் சாதம், வாழைத்தண்டுப் பொரியல், பருப்பு வடை, தயிர். எங்கள் பக்கத்தில் அரிசியும் பருப்பும் சாதம் பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூடச் செய்துவிடும். நான் செய்தது களியாக வந்தது. கரண்டியை நட்டால் கொடிக்கம்பம் மாதிரி நின்றது. அத்தையின் கண்ணில் அது படக் கூடாது. படவும் தேவையில்லை, அதற்குத்தானே இயந்திரம் இருக்கிறது? குக்கரை அப்படியே சிங்க்கில் கவிழ்த்து, உள்ளே தள்ளி, சுவிட்சைப் போட்டேன். தண்ணீரைத் திறக்கவில்லை. எங்கள் குடியிருப்பில் தண்ணீர்ப் பஞ்சம் உண்டு, நான் சிக்கனமானவன்.

இரண்டாவது முறை தண்ணீரைக் குறைத்தேன். அடி பிடித்தது. அதையும் சுரண்டித் தள்ளினேன்.

மூன்றாவது குக்கர் அடுப்பில் இருக்கும்போது வாழைத்தண்டுக்கு வந்தேன். தண்டு நறுக்கியவர்களுக்குத் தெரியும், வட்டம் வட்டமாக வெட்டும்போது நூல் நூலாக நார் வரும். அதை விரலில் சுற்றிச் சுற்றி எடுக்க வேண்டும். என் விரலில் கடைசியில் ஒரு குருவிக்கூடு இருந்தது. அதையும், தண்டின் மேல்பட்டையையும், அரைப்படி சின்ன வெங்காயத்தின் தோலையும், கருவேப்பிலைக் காம்புகளையும் உள்ளே அனுப்பினேன்.

இயந்திரம் ஒரு நொடி உறுமியது. பிறகு "ம்ம்ம்ம்" என்று முனகியது. பிறகு நின்றுவிட்டது.

இதையே ஒரு வாடிக்கையாளர் போனில் சொல்லியிருந்தால், "முதல்ல கரண்ட நிறுத்துங்க, புக்க எடுங்க" என்று சொல்லியிருப்பேன். ஆனால் இது என் இயந்திரம். சுவிட்சைப் பத்து முறை போட்டுப் போட்டு அணைத்தேன். கீழே குனிந்து பார்த்தபோது அடிப்பாகத்தில் ஒரு சிவப்புப் பொத்தான் தெரிந்தது. சுமை தாங்காமல் மோட்டார் தானாக நின்றால் மறுபடி ஓட வைக்கும் பொத்தான், எங்கள் பம்புகளிலும் உண்டு. "பாத்தியா, படிக்காமலே கண்டுபிடிச்சுட்டேன்" என்று காலி வீட்டில் சத்தமாகச் சொன்னேன். அழுத்தினேன். மறுபடி "ம்ம்ம்ம்".

விடுவேனா? சப்பாத்திக் கட்டையை ஓட்டைக்குள் விட்டு நெம்பினேன். (சுவிட்சை அணைத்துவிட்டுத்தான். அந்த ஒரு புத்தி மட்டும் இருந்தது. அதனால்தான் பத்து விரலாலும் இதை எழுதுகிறேன்.) எதுவோ இளகியது. சுவிட்சைப் போட்டதும் இயந்திரம் கர்ஜித்தது! மேலே கிடந்ததெல்லாம் கண்ணெதிரே மாயமாயிற்று. வடை சுட்ட எண்ணெய் அரைச் சட்டி மிச்சம் இருந்தது. வெற்றிக் களிப்பில் அதையும் ஊற்றினேன். எண்ணெய்ப் பிசுக்குப் போக ஒரு குண்டா கொதிக்கும் தண்ணீரும் விட்டேன். சிங்க் பளபளத்தது. குப்பை வாளி காலி. மூன்றாவது குக்கரைத் திறந்தால், சாதம் பொலபொலவென்று அத்தனை அழகாக வந்திருந்தது.

சிங்க்கிலிருந்து போனதெல்லாம் எங்கே போயிருக்கும் என்ற எண்ணம் எனக்கு வரவே இல்லை. கண்ணுக்குத் தெரியாதது இல்லாமல் போய்விட்டது என்று நினைத்தேன். பெரிய ஞானிகளும் சிறு குழந்தைகளும் அப்படி நினைக்கலாம். பம்ப்செட் கம்பெனிக்காரன் நினைக்கக் கூடாது.

பன்னிரண்டு மணிக்கு மாமாவும் அத்தையும் வந்தார்கள். அத்தை வாசலிலேயே நின்று மூச்சை இழுத்துப் பார்த்தார். ஒரு நாற்றமும் இல்லை. சமையலறைக்குள் போய் மூலை முடுக்கெல்லாம் எட்டிப் பார்த்தார். குக்கர் மூடியைத் திறந்து மூடினார்.

"ஊடு சுத்தமாத்தான் இருக்குதுங்க மாப்பிள்ளை" என்றார். சொல்லும்போது அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நான் இயந்திரத்தை ஓட்டிக் காட்டினேன். மிச்சமிருந்த வாழைப்பட்டையைத் துண்டு துண்டாக்கி உள்ளே போட்டேன். மாமா சிறு பிள்ளை மாதிரி கைதட்டாத குறை. "அடேங்கப்பா! சிங்க்குக்குள்ளார ஒரு மிக்சியப் பூட்டி வெச்சிருக்கறாங்களே! இன்னொருக்காப் போடுங்க மாப்பிள்ளை" என்றார். இன்னொருக்காப் போட்டேன். அதன் பிறகு குழாயைத் திறந்தபோது தண்ணீர் சரியாக இறங்கவில்லை. சிங்க்கில் மெல்ல ஏறியது. நான் உடம்பால் மறைத்துக்கொண்டு நின்றேன்.

அப்போது என் போன் அடித்தது. கீழ்வீட்டு ஸ்டெல்லா அக்கா. எங்களுக்கு நேர் கீழே, முதல் மாடியில் இருப்பவர். அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர்.

"தம்பி, உங்க ஊட்டுல இன்னிக்கு வாழைத்தண்டுப் பொரியலுங்களா?" என்றார்.

"ஆமாங்கக்கா. எப்படீங்க கண்டுபுடிச்சீங்க? வாசம் வருதுங்களா?"

"இல்லீங்க தம்பி. தண்டே வருதுங்க. எங்க சிங்க்குல."

எங்கள் ஊர்க்காரர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கோபம் ஏற ஏற எங்கள் பேச்சில் 'ங்க' கூடும். ஸ்டெல்லா அக்கா தொடர்ந்து பேசினார்: "கொஞ்சம் தண்ணிய நிறுத்துங்க, தம்பிங்க. எங்க ஜெனியப் பொண்ணு பாக்க வந்திருக்கறாங்க, சர்ச்சு முடிஞ்சு நேரா. மதுக்கரைக்காரங்க. எல்லாரும் ஹாலுல உக்காந்திருக்கறாங்கங்க. சிங்க்கு ரொம்பீட்டே வருதுங்க." அந்தப் பேச்சில் ஒரு வசைச்சொல்கூட இல்லை. குழாயை அவசரமாக மூடினேன்.

எங்கள் பக்கத்துச் சமையலறைகள் அத்தனைக்கும் ஒரே கழிவுக் குழாய். அது நேராக இறங்கி, கீழே கார் நிறுத்துமிடத்தில் ஒரு வளைவில் திரும்பும். தரைத்தளத்தில் வீடு கிடையாது. ஆக, அந்த வளைவு அடைத்தால் எதிர்த்து ஏறி வரும் எதுவும் முதலில் எட்டிப் பார்ப்பது ஸ்டெல்லா அக்காவின் சிங்க்கில்தான். இதெல்லாம் எனக்கு மிக நன்றாகப் புரியும் விஷயம். ஐந்து நிமிடம் கழித்துப் புரிந்தது. அந்த ஐந்து நிமிடத்தில் நான் செய்தது என்ன? அடைப்பை உடைத்தே தீருவது என்று முடிவெடுத்து, இன்னொரு குண்டா வெந்நீரை ஊற்றி, சுவிட்சைப் போட்டேன். இயந்திரம் இந்த முறை முனகக்கூட இல்லை.

வாசலில் தடதடவென்று தட்டினார்கள். திறந்தால் ஸ்டெல்லா அக்காவின் மகள் ஜெனி. பட்டுச் சேலை, தலை நிறைய மல்லிகை, கையில் வளையல். பல் செட் செய்யும் லேப்பில் வேலை பார்க்கும் பெண். என்னை ஒரு சொத்தைப் பல்லைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"அண்ணா, தண்ணி ஊத்தறத முதல்ல நிறுத்துங்க. எங்க சிங்க்கு வழிஞ்சு தரையில ஓடுது. மாப்பிள்ளையோட அம்மா காலத் தூக்கி நாற்காலி மேல வெச்சுட்டு உக்காந்திருக்காங்க."

"அஞ்சே நிமிஷம் ஜெனி, நான் பாத்துக்கறேன்."

"நீங்க பாத்தது போதுங்கண்ணா. புக்கு எங்கீங்க?"

பதினாறு வருடமாக நான் ஊரையெல்லாம் கேட்ட கேள்வி. அலமாரி மேல்தட்டிலிருந்து பையை எடுத்துக் கொடுத்தேன். அதன் வாய் ஒட்டியபடியே இருந்ததைப் பார்த்தாள்.  சிங்க்கின் அடியில் கையை விட்டு முதலில் பிளக்கைப் பிடுங்கினாள். பிறகு சேலையை வாரிச் சுருட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்து புத்தகத்தைச் சத்தமாக வாசிக்க ஆரம்பித்தாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் தோளில் பையோடு சுமதி வந்து சேர்ந்தாள். நாற்பது கொண்டை ஊசி வளைவு இறங்கி வந்த களைப்பு முகத்தில். சமையலறை வாசலில் அவள் நிற்கிறாள், அவளுக்குப் பின்னால் மாமா, பக்கத்தில் அத்தை, நடுவில் நான்.

"போடறதுக்கு முன்னால பச்சத்தண்ணியத் தெறந்து உடோணும். அரைச்சு முடிஞ்ச பின்னாலயும் கொஞ்ச நேரம் ஓடோணும்" என்று வாசித்தாள் ஜெனி. "உட்டீங்களாண்ணா?"

"இல்லீங்க."

"கொஞ்சம் கொஞ்சமாத்தான் போடோணும்."

"குக்கரோட கவுத்தீட்டேன்."

"சாதம், மாவு நெறையப் போடக் கூடாது, பசையாயிரும்."

"ரெண்டு குக்கரு."

"ரெண்டா?" என்றாள் சுமதி, வாசலிலிருந்து.

"நாரு இருக்கறது, வெங்காயத் தோலு, கீரைத் தண்டு ஆகவே ஆகாது."

நான் தலையைக் குனிந்தேன். "வாழைத்தண்டு நாரு. விரலு கனத்துக்கு."

"எண்ணெய் ஊத்தவே கூடாது. குழாய்க்குள்ள போயி உறைஞ்சு புடிச்சுக்கும். அதோட சுடுதண்ணியும் ஊத்துனா, உருகி இன்னும் தூரம் போயி அங்க உறையும்."

 அடுப்பு மேல் இருந்த காலி எண்ணெய்ச் சட்டியை எல்லோரும் பார்த்தார்கள். ஜெனி அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். அதில் வேறென்ன போடக் கூடாது என்று இருந்ததோ, என் முகத்தைப் பார்த்துவிட்டு வாசிக்காமல் விட்டாள். அந்தக் கருணையை நான் மறக்கவில்லை.

குடியிருப்புச் சங்கத்து பிளம்பருக்குப் போன் போட்டோம். கோபிசெட்டிபாளையத்தில் ஒரு கல்யாண வீட்டில் இருப்பதாகச் சொன்னார். பின்னால் நாதஸ்வரம் கேட்டது.

"நாமளே செய்யலாங்கண்ணா" என்றாள் ஜெனி. "பல்லுன்னாலும் மெஷினுன்னாலும் வாயத் தெறந்து பாத்தாத்தான தெரியும்." சிங்க்குக்கு அடியில் தலையை விட்டாள். ஒரே இருட்டு.

அப்போது வாசலில் இன்னொரு குரல். "எக்ஸ்கியூஸ் மீங்க. பொண்ணக் கூட்டீட்டு வரச் சொன்னாங்க." மாப்பிள்ளைப் பையன் ஆல்வின். மதுக்கரை சிமென்ட் ஆலையில் பரிசோதனைக்கூடத்தில் வேலை. இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. பார்க்க வந்த பெண்ணின் பாதங்கள் மட்டும் சிங்க்கின் அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தான். ஒரு கணம் யோசித்தான். போனில் டார்ச்சைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் மண்டியிட்டான்.

"எங்க புடிக்கட்டுங்க?" என்றான்.

உள்ளேயிருந்து குரல் வந்தது: "சித்த எடது பக்கமா."

அவர்கள் இருவரும் முதன்முதலாகப் பேசிக்கொண்டது அதுதான். என் வீட்டு சிங்க்குக்கு அடியில்.

அந்த வளைந்த சாவி எதற்கென்று அன்றுதான் தெரிந்தது. இயந்திரத்தின் அடியில் நடுவில் ஓர் ஓட்டை இருக்கிறது. அதில் சாவியை விட்டு இப்படியும் அப்படியும் திருப்பினால், உள்ளே சிக்கிக்கொண்ட தட்டு இளகும். ஜெனி திருப்பினாள். பிறகு வெளியே வந்து, மேலேயிருந்து இடுக்கியால் நாரை இழுத்தாள். (கையை விடக் கூடாது என்று புத்தகத்தில் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறது.) நார் வந்துகொண்டே இருந்தது. கடைசியில் ஒரு சடையே வந்தது. ஒரு சிறுமிக்குப் பின்னி ரிப்பன் கட்டலாம். அத்தை வாயில் கை வைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

இயந்திரம் பிழைத்துவிட்டது. கீழே குழாய் அடைப்பு அப்படியே இருந்தது. அதை வளைவில் இருக்கும் மூடியைக் கழற்றித்தான் எடுக்க வேண்டும். அதுவரை மேலே எந்த வீட்டிலும் யாரும் சிங்க்கில் தண்ணீர் விடக் கூடாது. இந்தச் செய்தியை வீடு வீடாகச் சொல்ல மாமா முன்வந்தார். அவர் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். அறிவிப்புச் செய்வதில் அவருக்கு ஒரு முறை உண்டு. மாடிப்படியில் நின்றபடி, ஐந்து மாடிக்கும் கேட்கும்படி சொன்னார்:

"ஏனுங்க! மறு அறிவிப்பு வர்ற வரைக்கும் சிங்க்குல ஆரும் தண்ணி உடாதீங்க! எங்க மாப்பிள்ளை ஒரு காரியஞ் செஞ்சுபோட்டாருங்க!"

ஒவ்வொரு மாடியாக ஏறி, ஒவ்வொரு முறையும் கடைசி வரியையும் சேர்த்தே சொன்னார்.

நானும் ஆல்வினும் கீழே போனோம். காவலாளியிடம் குறடு வாங்கினோம். ஆல்வின் குழாயைத் தட்டிப் பார்த்துவிட்டு, "உள்ள தண்ணி நிக்குதுங்கண்ணா, முதல் மாடி ஒசரத்துக்கு. வாளி வெச்சு, மெல்ல, தள்ளி நின்னு தெறக்கோணும்" என்றான். இவ்வளவு நேரம் நான் வாங்கிய அடிக்கு ஏதாவது ஒன்றையாவது நான் செய்து காட்ட வேண்டும் அல்லவா? குறடை அவனிடமிருந்து வாங்கினேன். "தள்ளுங்க தம்பி. தண்ணி அழுத்தத்தப் பத்தி எனக்குப் பாடம் எடுக்காதீங்க. பம்ப்செட் கம்பெனியாக்கும்" என்றேன்.

முழு பலத்தையும் கொடுத்து ஒரே திருப்பு.

மூடி என் நெஞ்சில் பட்டது. அதன் பின்னால் மற்றதெல்லாம் வந்தது. இரண்டு குக்கர் சாதம், வடை எண்ணெய், வெங்காயத் தோல், பச்சையும் வெள்ளையுமாக வாழைப்பட்டை, கூடவே ஸ்டெல்லா அக்கா வீட்டு மீன் கழுவிய தண்ணீர். என் வெள்ளைச் சட்டையும் வேட்டியும் என்ன நிறம் என்று எனக்கே தெரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால், முதல் மாடி பால்கனியில் மாப்பிள்ளை வீட்டார் வரிசையாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா ஒரு கையால் சேலைத் தலைப்பை மூக்கில் வைத்திருந்தார். இன்னொரு கையில் வடை.

ஆல்வின் ஒரு கம்பியால் வளைவைக் குத்தி, உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளையாக ஒரு கட்டியை எடுத்தான். தரையில் தட்டிப் பார்த்தான். டொக் டொக்கென்றது. "அண்ணா, இது எங்க லேப்புக்கு வந்திருந்தா, முதல் தரம்னு எழுதிக் குடுத்திருப்பேனுங்க" என்றான். அவன் கேலி செய்யவில்லை. நிஜமாகவே வியந்துபோயிருந்தான்.

குழாய் திறந்துவிட்டது. ஆனாலும் சாயங்காலம் வரை சிங்க்கைத் தொட யாருக்கும் தைரியமில்லை. பாத்திரம் விழக் கூடாது என்று வாழை இலை வாங்கி, மூன்று குடும்பமும் ஸ்டெல்லா அக்காவின் ஹாலிலேயே உட்கார்ந்து சாப்பிட்டோம். அக்கா வைத்த மீன் குழம்பு, நான் செய்த மூன்றாவது குக்கர் சாதம். மாப்பிள்ளையின் அம்மா சாதத்தை ஒரு வாய் வைத்துவிட்டு, "நல்லா இருக்குதே, ஆரு செஞ்சது?" என்று கேட்டார்.  குளித்துவிட்டு மாமாவின் மாற்று வேட்டியில் மூலையில் உட்கார்ந்திருந்த நான் மெல்லக் கையைத் தூக்கினேன். அந்த அம்மாள் இன்னொரு கரண்டி கேட்டார். அந்த நாளில் எனக்குக் கிடைத்த ஒரே மரியாதை அதுதான். இம்முறை நிஜமாகவே மரியாதை.

சாப்பிட்டு முடித்ததும் சுமதி அத்தையிடம் போய் உட்கார்ந்தாள். அவள் குரல் தாழ்ந்திருந்தது. "அம்மா, நீ சொன்ன மாதிரி வேலைய..." என்று ஆரம்பித்தாள்.  அவளுக்கு எவ்வளவு பிடித்த வேலை என்று எனக்குத் தெரியும். என் வீம்பினால் அது போகப்போகிறது.

அத்தை இலையை மடித்துக்கொண்டே சொன்னார்: "நல்லா இருக்குது நீ சொல்றது! வேலைய உட்றாத அம்மணி. இவரு செய்யற காரியத்துக்கு ரெண்டு பேரு சம்பாதிச்சாத்தான் கட்டுப்படியாகும்."

சுமதி முதலில் சிரித்தாள். பிறகு அழுதாள். பிறகு மறுபடி சிரித்தாள். அந்த வாக்குவாதம் அன்றோடு முடிந்தது. அவள் மூன்று வருடம் வால்பாறையில் இருந்துவிட்டு, மேலாளராகக் கோயம்புத்தூருக்கே திரும்பி வந்தாள்.

ஜெனிக்கும் ஆல்வினுக்கும் ஆறு மாதத்தில் கல்யாணம். "இதுக்கு முன்னால வந்த மூணு பேரும் சமைக்கத் தெரியுமா, வேலைய உட்டுருவியான்னுதாங்கண்ணா கேட்டாங்க. இவருதான் எங்க புடிக்கட்டும்னு கேட்டாரு" என்று ஜெனி என்னிடம் சொன்னாள். கல்யாணத்தில் ஸ்டெல்லா அக்கா என்னை எல்லோருக்கும், "இவருதானுங்க தரகரு" என்று அறிமுகப்படுத்தினார்.

நான் அந்தப் புத்தகத்தை முதல் வரியிலிருந்து அச்சகத்தின் பெயர் வரை படித்துவிட்டேன். இப்போதும் அதே இயந்திரம்தான் ஓடுகிறது. முதலில் பச்சைத்தண்ணீர், பிறகு சுவிட்ச், பிறகு ஒரு கைப்பிடி. அரைத்து முடிந்த பிறகும் நிதானமாக இருபது எண்ணும் வரை தண்ணீர். வாரம் ஒருமுறை ஐஸ் கட்டியும் கல் உப்பும் போட்டு ஓட்டுகிறேன். நாற்றம் அடிக்காமலிருக்க எலுமிச்சைத் தோல், அதுவும் பொடிப்பொடியாக நறுக்கி. எண்ணெய் பழைய டப்பாவுக்குப் போகிறது. நாரும் தோலும் வாளிக்குப் போகின்றன. ஆறரை வண்டிக்கு நான் ஆறேகாலுக்கே வாசலில் நிற்கிறேன். இதைச் சரியாகச் செய்வதில் நான் காட்டும் பிடிவாதத்தைப் பார்த்து, அன்றைய பிடிவாதமே தேவலை என்கிறாள் சுமதி.

ஆனால் என்ன செய்தாலும் அத்தைக்கு நம்பிக்கை வரவில்லை. அந்த ஞாயிறு சாயங்காலமே அது தொடங்கிவிட்டது. கிளம்பும் முன் மோர் குடித்துவிட்டு, டம்ளரை சிங்க்குக்கு மேல் பிடித்தபடி நெடுநேரம் நின்றார். அடியில் ஒரே ஒரு கருவேப்பிலை ஒட்டியிருந்தது. திரும்பி, நிஜமான பயத்தோடு கேட்டார்: "மாப்பிள்ளை, இது போடலாங்களா?"

அவ்வளவுதான். அந்தக் கேள்வி குடும்பச் சொத்தாகிவிட்டது. காபியில் சர்க்கரை போடுவதற்கு முன், வண்டிக்கு பெட்ரோல் போடுவதற்கு முன், தேர்தல் நாளில் ஓட்டுப் போடுவதற்கு முன் என்று எதற்கும் என் பக்கம் திரும்பி, "இது போடலாங்களா?" என்பார்கள். ஜெனியின் இரண்டு வயது மகளுக்கு இன்னும் வாக்கியமாகப் பேச வரவில்லை, என்னைப் பார்த்தால் கையில் இருக்கும் பிஸ்கட்டைக் காட்டி, "போலாங்கா?" என்கிறது.

போன மாதம் மாமாவுக்குச் சளி பிடித்து ஒரு மருத்துவரிடம் அழைத்துப் போனேன். சின்ன வயது மருத்துவர். பொறுமையாகப் பரிசோதித்து, நான்கு மாத்திரைகளை எடுத்துக் கொடுத்து, முதல் வேளையை அங்கேயே போட்டுக்கொள்ளச் சொன்னார். மாமா நான்கையும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, மருத்துவரைப் பார்க்காமல், நிதானமாக என் பக்கம் திரும்பினார்.

"மாப்பிள்ளை, இது போடலாங்களா?"

மருத்துவர் திகைத்துப்போய் என்னைப் பார்த்தார். "சாரும் டாக்டருங்களா?" என்றார்.

"இல்லீங்க" என்றேன். "பம்ப்செட்டுங்க." பிறகு மாமாவின் கையில் தண்ணீர் டம்ளரைக் கொடுத்தேன். "போடலாங்க மாமா. பச்சத்தண்ணிய முதல்ல உட்டுக்குங்க. ஒவ்வொண்ணாப் போடுங்க."